இதய சிகிச்சைக்குப் பின் உதவ நினைக்கிறீர்களா? காப்பீடு எட்டாத செலவைத் தேடுங்கள்

பைபாஸோ ஸ்டென்ட்டோ முடிந்து வீடு திரும்பியவர்களுக்கும், குழந்தையின் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்துக் கூட்டிவந்த பெற்றோருக்கும், 'நாமும் யாருக்காவது செய்ய வேண்டும்' என்று தோன்றுவது இயல்பு. உடனே மனம் போவது ஒரு ஏழைக் குழந்தையின் ஆபரேஷன் செலவை ஏற்பதில்தான். தமிழ்நாட்டில் அந்தச் செலவுக்குப் பெரும்பாலும் வேறு வழி இருக்கிறது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பைபாஸ், வால்வு மாற்று, பிறவி இதயக் கோளாறு எல்லாம் அதில் அடங்கும். ஆகவே யாராவது உதவி கேட்டால் முதலில் கேளுங்கள்: காப்பீட்டு அட்டை இருக்கிறதா? இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் சேர்த்து அட்டை எடுக்க ஒருநாள் கூடவே போய்வாருங்கள். சில ஆயிரம் நன்கொடையைவிட அது பெரிய உதவி. அட்டை வைத்திருந்தும் பணம் கட்டச் சொல்கிறார்கள் என்றால், மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, முன் அனுமதி மறுக்கப்பட்டதா, எதற்காக மறுக்கப்பட்டது என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். பல சமயம் ஒரு காகிதம்தான் குறையும்.

காப்பீடு தொடாத செலவுகள் வேறு. குழந்தை ஐசியுவில் இருக்கும்போது அம்மா எங்கே தங்குவது, அப்பாவின் தினக்கூலி போனால் வீட்டில் அடுப்பு எப்படி எரிவது, செக்கப்புக்கு மாவட்டம் தாண்டி வரும் பஸ் செலவு யார் தருவது? நன்கொடை இங்கேதான் அதிகம் பயன்படும்.

இரண்டு விஷயங்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். உலோக வால்வு வைத்தவர்கள் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ராம் அல்லது வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். மாத்திரை விட்டுப்போனால் வால்வில் ரத்தம் உறையும். அளவு கூடினால் ரத்தக்கசிவு வரும். லட்சக்கணக்கில் செலவான ஆபரேஷன் இப்படி வீணாவதுண்டு. அடுத்தது, தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்ட பிள்ளைகள். அந்தக் காய்ச்சல் மறுபடி வராமலிருக்க இவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று பல ஆண்டுகள் பென்சிலின் ஊசி போட வேண்டும். ஊசி மலிவு. ஆனால் அதற்காக ஒருநாள் கூலியை இழக்க முடியாமல் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நோயாளியின் பரிசோதனை, மருந்து, பயணம் மூன்றையும் மாதாமாதம் ஏற்பது ஒரே தடவை பெரிய தொகை கொடுப்பதைவிட மேல். எவ்வளவு ஆகும் என்பதை அந்தக் குடும்பத்திடமும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமும் கேட்டுக் கணக்குப் போடுங்கள். குறைந்தது ஒரு வருஷத்துக்கு உங்களால் தொடர முடிகிற தொகையை மட்டும் சொல்லுங்கள். உங்களுடைய மருந்துச் செலவையும் அவசரக் கையிருப்பையும் ஒதுக்கிவைத்த பிறகே இந்தக் கணக்கு.

வாட்ஸ்அப்பில் குழந்தை படத்தோடு வரும் வேண்டுகோளை அப்படியே நம்பி பணம் போடாதீர்கள். மருத்துவமனையின் எஸ்டிமேட் கடிதம் கேளுங்கள். அதில் உள்ள எண்ணுக்கு அல்லாமல், மருத்துவமனையின் பொது எண்ணைத் தேடிக் கூப்பிட்டு, சேர்க்கை எண்ணைச் சொல்லி உறுதி செய்யுங்கள். ஆபரேஷன் பணத்தை மருத்துவமனைக் கணக்கில், நோயாளி பெயருக்கே கட்டி ரசீது வாங்குங்கள். குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டியது சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் ஆன பணம். அதற்குக் கணக்குக் கேட்டு அவர்களைக் கூனிக்குறுக வைக்காதீர்கள். நன்றி சொல்லும் வீடியோவும் வேண்டாம்.

ரத்தமும் தேவைப்படும். இதய நோயாளி ரத்தம் கொடுக்க முடியாது. வீட்டில் ஆரோக்கியமாக இருக்கும் மற்றவர்கள் கொடுக்கலாம். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஒரே நாளில் எல்லோரும் கொடுத்துவிடாமல், ரத்த வங்கியில் கேட்டு முறை பிரித்துக்கொள்ளுங்கள்.

அறக்கட்டளைக்குக் கொடுத்தால், கொடுப்பவருக்கு வரிக் கழிவு கிடைக்க வைக்கும் 80ஜி பதிவு இருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் இது பொருந்தாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் பணம் அனுப்பினால், அந்த அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடை பெறும் எஃப்சிஆர்ஏ பதிவு இருக்க வேண்டும். இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் இதே விதிதான். இந்தியக் குடிமகனாக வெளிநாட்டில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடையாகக் கணக்கில் வராது.

மிச்சமான மாத்திரைகளை நேரடியாக யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒருவரின் அளவு இன்னொருவருக்குப் பொருந்தாது. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் தெரியாதபடி வெட்டிய மாத்திரை அட்டையை எந்த இலவச மருந்தகமும் வாங்காது. பிபி மெஷின், வாக்கர், சக்கர நாற்காலி நல்ல நிலையில் இருந்தால் கொடுக்கலாம். பிபி மெஷினோடு கைப்பட்டையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.