ஒடையற போல்ட்டை ஒடைய விடுங்க

தென்மேற்குப் பருவம் பிடித்து நாலு மழை விழுந்தால் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் புல் முழங்காலுக்கு ஏறிவிடும். ஆடி மாசம் முழுக்க, டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல் வெட்டுகிற எங்கள் ஸ்லாஷருக்கு ஓய்வே கிடையாது. அதே மாசத்தில்தான் புதிதாக ஸ்லாஷர் வாங்கியவர்களும் என் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) வர ஆரம்பிப்பார்கள். இந்த வருஷம் முதலில் வந்தவன் என் மச்சான் மகன். திருப்பூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டுத் தோட்டம் பார்க்க வந்தவன்.

"மாமா, காலைல இருந்து மூணு போல்ட் போச்சுங்க. கட்டியா ஒண்ணு போட்டுட்டா தீந்துருமுங்களே?"

கையில் ஓர் ஆலன் போல்ட் வைத்திருந்தான். கறுப்பு நிறம், தலையில் ஆறுமூலைக் குழி. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எஞ்சினை அணைத்துச் சாவியை எடுப்பது, பிளேடு சுழன்று முழுசாக நிற்கும் வரை கிட்டப் போகாமல் இருப்பது இதெல்லாம் தெரியாதவர்கள் வண்டியில் ஏறவே வேண்டாம். நான் சொல்லப்போவது இவையெல்லாம் தெரிந்தவர்களும் செய்கிற தவறுகள்.

கட்டியான போல்ட் போடுவது

ஷியர் போல்ட் உடைவதற்காகவே இருக்கிறது. எங்களிடம் வண்டி ஓட்டுகிறவர் அதை 'ஒடையற போல்ட்டு' என்றுதான் சொல்வார். டிராக்டரின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்டின் முனையில் இருக்கும் யோக் என்கிற கவையையும் ஸ்லாஷர் கியர் பாக்ஸின் தண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது இந்த ஒரே போல்ட். பிளேடு ஒரு கல்லிலோ தென்னை அடித்தூரிலோ மோதிச் சட்டென்று நின்றாலும் முன்னால் எஞ்சின் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அந்த முறுக்கு எங்காவது ஓரிடத்தில் வெளியேறியாக வேண்டும். சரியான போல்ட் இருந்தால் அது வெட்டுப்படும், யோக் சும்மா சுற்றும், பத்து நிமிஷத்தில் வேறு போல்ட் போட்டு வேலையைத் தொடரலாம். போல்ட் உடைய மறுத்தால் அதற்கு அடுத்து எது பலவீனமோ அது போகும்.

எனக்கு இது ஒரு நெகமம் தோப்பில் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. அன்று மதியத்துக்குள் மூன்று போல்ட் உடைந்தன. வாடகை ஓட்டம், தோப்புக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். மானம் போகிறதே என்று பைக்கை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்துக்கொண்டே இதே மாதிரி ஒரு கறுப்பு போல்ட்டை எடுத்து வைத்தார். "இதைப் போடுங்க, ஆயுசுக்கும் ஒடையாதுங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

நாலு நாள் ராஜா மாதிரி ஓட்டினேன். கல், மட்டை, குச்சி எது வந்தாலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் புல்லுக்குள் மறைந்திருந்த அத்துக்கல்லில் (எல்லைக்கல்லில்) பிளேடு மோதியது. 'டணார்' என்று ஒரு சத்தம், வண்டி முன்பக்கம் ஒரு குதி குதித்து நின்றது. கியர் பாக்ஸில் பினியன் என்கிற சின்ன கியரின் பல் மூன்று தெறித்திருந்தது, உறையில் விரிசல் விழுந்து ஆயில் ஒழுகியது. ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கிராஸும் போய்விட்டது. பிரித்துப் பார்த்த மெக்கானிக் அந்த போல்ட்டைக் கழற்றித் துடைத்து என் கையில் கொடுத்தார். "போல்ட்டு நல்லா இருக்குதுங்க. மத்ததுதான் போச்சுங்க."

பினியன் வர ஒன்பது நாள். அதுவரை வாடகை ஓட்டமும் இல்லை. பழுதுக்கு ஆன செலவில் ஒரு சாக்கு நிறையச் சாதா போல்ட் வாங்கியிருக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். போல்ட்டின் தலையில் 4.6, 8.8, 12.9 என்று எண் இருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இழுவலு (இழுத்தால் அறாமல் தாங்குகிற வலு) எத்தனை மெகாபாஸ்கல் என்று வந்துவிடும். 4.6 என்றால் 400, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 40 கிலோ. 8.8 என்றால் 800, கறுப்பு ஆலன் போல்ட்டில் பெரும்பாலும் இருக்கிற 12.9 என்றால் 1,200. குறுக்கே வெட்டுப்படும்போது தாங்குகிற வலு இதைவிடக் குறைவுதான், ஆனால் விகிதம் ஏறக்குறைய இதேதான். 4.6 இருந்த துளையில் 12.9 போட்டால், கியர் பல் மூன்று மடங்கு அடி வாங்கிய பிறகுதான் போல்ட் உடைவதைப் பற்றியே யோசிக்கும்.

வீடு கட்டி மிஞ்சிய முறுக்குக் கம்பியை அறுத்துச் செருகுகிறவர்களும் உண்டு. அது வெறும் கம்பிதானே என்பார்கள். அதில் எஃப்.இ. 500 என்று அச்சிட்டிருக்கும், 500 மெகாபாஸ்கல் வரை அசையாது என்று அர்த்தம். சாதா போல்ட் 400-லேயே அறுந்துவிடும். யோக்கைத் தண்டோடு சேர்த்து வெல்டிங் வைத்தவரையும் பார்த்திருக்கிறேன். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லா ஸ்லாஷருக்கும் 4.6 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில கம்பெனிகள் சின்ன விட்டத்தில் 8.8 போடச் சொல்லியிருப்பார்கள். விட்டமும் எண்ணும் சேர்ந்துதான் கணக்கு. கூட வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. துளை தேய்ந்துவிட்டது என்று 12 மில்லிமீட்டர் துளையை 14 ஆகத் துளைத்துப் பெரிய போல்ட் போட்டாலும் வலு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். துளை தேய்ந்திருந்தால் யோக்கை மாற்றுங்கள், அல்லது லேத்தில் கொடுத்துத் துளையில் புஷ் என்கிற உள்வளையம் அடித்து வாங்குங்கள்.

ஏன் உடைந்தது என்று பார்க்காமல் மாற்றுவது

நெகமத்தில் எனக்கு மூன்று போல்ட் போனது கல்லால் இல்லை. யோக்கின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. போல்ட் அதற்குள் ஆடி ஆடி அடி வாங்கிக் களைத்து உடைந்திருக்கிறது. கட்டியான போல்ட் வாங்கப் போன நேரத்தில் உடைந்த துண்டைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

துண்டு பேசும். ஒரே அடியில் வெட்டுப்பட்டது என்றால் முகம் தட்டையாக, ஒரு பக்கம் இழுவிக்கொண்டு பளபளவென்று இருக்கும். களைத்து உடைந்தது என்றால் ஒரு பகுதி வழுவழுப்பாக, அதில் மெல்லிய வளைய வளையமான கோடுகள் தெரியும். கடைசியில் முறிந்த பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும். முதல் வகை என்றால் தோப்பில் கல்லைத் தேடுங்கள். இரண்டாவது என்றால் துளையையும் நட்டையும் பாருங்கள்.

மச்சான் மகன் வண்டியில் காரணம் வேறு. அடியில் குனிந்து பார்த்தால் பிளேடு தண்டில் 16 மில்லிமீட்டர் சொட்டுநீர்க் குழாய் ஒரு கண்டு நூல் மாதிரி சுற்றிக் கிடந்தது. கூடவே தேங்காய்க் கட்டுக் கயிறு. அரை மணி நேரம் அரிவாளால் அறுத்தோம். அதன் பிறகு சாயங்காலம் வரை ஒரு போல்ட்கூடப் போகவில்லை. (ஸ்லாஷரைத் தூக்கி அடியில் கை வைக்கும்போது ஹைட்ராலிக்கை நம்பாதீர்கள், மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். நாலு பேர் சொல்லியும் கேட்காதவர்கள் இருப்பதால் இதை மட்டும் எழுதுகிறேன்.)

நடுத்துண்டை மறப்பது

குறுக்கே போகிற போல்ட் இரண்டு இடத்தில் உடையும். தலையும் நட்டும் கீழே விழுந்துவிடும், நடுத்துண்டு தண்டுக்குள்ளேயே இருக்கும். யோக்கைத் திருப்பித் துளைகளை நேராக்கி, பஞ்ச் வைத்துத் தட்டி எடுங்கள். புது போல்ட்டை வைத்தே அடித்துத் தள்ளினால் அதன் மரை நசுங்கும்.

யோக்குக்கு கிரீஸ் வைக்காதது

போல்ட் உடைந்த பிறகு யோக் தண்டின் மேல் தாராளமாகச் சுற்ற வேண்டும். துருப்பிடித்து இறுகியிருந்தால் போல்ட் உடைந்தாலும் யோக் தண்டைக் கவ்விக்கொண்டே போகும், பாதுகாப்பு என்று ஒன்றும் இல்லை. சீசன் தொடங்கும்போது போல்ட்டைக் கழற்றிவிட்டு யோக்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் கழற்றி, துருவைத் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். போல்ட் உடைந்த இடத்தில் எழும்பி நிற்கும் பிசிரையும் அரம் போட்டு எடுத்துவிடுங்கள்.

முழுக்க மரை உள்ள போல்ட்

12 மில்லிமீட்டர் போல்ட்டின் மழுமழுப்பான உடலுக்குக் குறுக்கு வெட்டு 113 சதுர மில்லிமீட்டர், மரை உள்ள இடத்தில் 84 தான். வெட்டுப்படும் இடத்தில் மரை வந்தால் காரணமே இல்லாமல் உடையும்.

முழு ஆக்சிலேட்டரில் பி.டி.ஓ. போடுவது

வேண்டாம்.

எல்லா போல்ட்டையும் ஒரே டப்பாவில் போடுவது

இதுவும் என் கதைதான். சாளையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. கலப்பை போல்ட், டிரெய்லர் போல்ட், ஷியர் போல்ட் எல்லாம் அதற்குள். நான் இல்லாத நாளில் வண்டி ஓட்டுகிறவர் விட்டம் சரியாக இருந்த ஒன்றை எடுத்து மாட்டியிருக்கிறார், அது கலப்பையின் 8.8. அவரைக் குறை சொல்ல முடியாது, அளவு சரியாகத்தானே இருந்தது. கல் எதுவும் மாட்டாததால் தப்பித்தோம். இப்போது ஷியர் போல்ட் மட்டும் பத்து, நட்டோடு, டிராக்டர் டூல் பாக்ஸில் ஒரு தனிப் பையில் கிடக்கிறது. மச்சான் மகனுக்கும் அதிலிருந்து ஐந்தைக் கொடுத்தனுப்பி, அந்த ஆலன் போல்ட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நீளமான போல்ட்

கடையில் சரியான நீளம் இல்லை என்று ஒன்றரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டை மாட்டுவார்கள். கூடவே, போல்ட் மாற்ற இடைஞ்சலாக இருக்கிறது என்று பி.டி.ஓ. மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றித் தோப்பு ஓரம் போட்டுவிடுவார்கள். பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. நம்மில் பாதிப் பேர் வேட்டியோ லுங்கியோ கட்டித்தான் நிற்கிறோம். ஒருமுறை ஏதோ சத்தம் கேட்கிறதே என்று ஓடுகிற ஷாஃப்ட் பக்கம் குனிந்தேன். தோளில் கிடந்த துண்டின் நுனி நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டில் பட்டதுதான் தெரியும், துண்டு தோளில் இல்லை. கழுத்தைச் சுற்றிப் போட்டிருக்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். எஞ்சினை அணைத்துவிட்டு அந்தத் துண்டை யோக்கிலிருந்து அரிவாளால் அறுத்து எடுக்க அரை மணி நேரம் ஆனது.