இரண்டு நியூரான்களுக்கு இடையே கேப் ஜங்ஷன் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி

பேட்ச் கிளாம்ப், அதாவது மெல்லிய கண்ணாடி பைப்பெட்டைச் செல்லில் ஒட்டி மின்சிக்னலைப் பதிவுசெய்யும் முறை, ஓரளவு கைவந்தவர்களுக்கு எழுதுகிறேன். ஒரு செல்லைப் பிடிப்பதே இன்னும் தகராறாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள், ஏனென்றால் இதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு செல்களை ஒரே நேரத்தில் பிடித்து, அரை மணி நேரமாவது இரண்டையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

தேடும் பொருள் என்ன என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனெக்சின் என்ற புரதம் ஆறு ஆறாகச் சேர்ந்து செல் சவ்வில் ஒரு பாதிக் குழாயாகிறது. அடுத்த செல்லிலும் அதேபோல ஒரு பாதி இருந்து, இரண்டும் நேருக்கு நேர் பொருந்தினால் முழுக் குழாய். இப்படிப்பட்ட குழாய்களால் ஆன சந்திதான் கேப் ஜங்ஷன். அயனிகள் வெளியே வராமல் நேராக இங்கிருந்து அங்கே போகும். பாலூட்டிகளின் நியூரான்களில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது 1998-இல் அடையாளம் காணப்பட்ட கனெக்சின் 36. இதன் ஒரு குழாயின் கடத்துதிறன் சுமார் 10 முதல் 15 பிகோசீமன்ஸ்தான், கனெக்சின் குடும்பத்திலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. ஆகவே நீங்கள் பார்க்கப்போகும் சிக்னல் சின்னது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் முயற்சிக்கு எலியின் புறணியில் பார்வால்புமின் என்ற புரதம் உள்ள, மற்ற செல்களைத் தடுக்கும் இடைநியூரான்களைத் தேர்ந்தெடுங்கள். 1999-இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாகக் காட்டியபடி, வேகமாக ஸ்பைக் (நியூரானின் குறுகிய மின்துடிப்பு) அடிக்கும் இந்த வகையில் அருகருகே இருக்கும் ஜோடிகளில் பாதிக்கும் மேல் மின்வழியில் இணைந்திருக்கின்றன. புறணியின் முக்கியக் கிளர்ச்சி நியூரான்களான பிரமிடு செல்களில் தேடி நாளை வீணாக்காதீர்கள், அங்கே கிடைப்பது அபூர்வம். பார்வால்புமின் வகை மட்டும் ஒளிரும்படி மரபணு மாற்றிய எலி இருந்தால் வேலை பாதியாகிவிடும். 300 மைக்ரான் தடிமனுள்ள மூளை ஸ்லைஸில், மேற்பரப்பை ஒட்டியவற்றை விட்டுவிட்டுச் சற்று ஆழத்தில், ஒன்றுக்கொன்று 50 மைக்ரானுக்குள் இருக்கும் இரண்டைப் பிடியுங்கள்.

இப்போது முக்கியமான சோதனை. எல்லோரும் முதலில் ஸ்பைக் அடிக்கவைத்துப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கரண்ட் கிளாம்பில் (மின்னோட்டத்தை நாம் கொடுத்து வோல்டேஜை அளக்கும் நிலை) வைத்து, முதல் செல்லுக்கு மட்டும் அரை வினாடி எதிர்மறை மின்னோட்டம் கொடுத்து 15, 20 மில்லிவோல்ட் கீழே இறக்குங்கள். ஸ்பைக் இல்லாதபோது வேதிப்பொருள் வழியாகச் சிக்னல் கடத்தும் வேதி சினாப்ஸ் தூண்டப்படாது, அதனால் இரண்டாவது செல்லும் சேர்ந்து இறங்கினால் அதை வேதிச் சிக்னல் என்று யாரும் வாதாட முடியாது. முப்பது நாற்பது முறை செய்து சராசரி எடுங்கள். பிறகு திருப்பிப்போட்டு, இரண்டாவதை இறக்கி முதலாவதைப் பாருங்கள்.

கணக்கு எளிது. முதல் செல் 20 மில்லிவோல்ட் இறங்கி இரண்டாவது 1.4 இறங்கினால் இணைப்பு விகிதம் 0.07. மறுதிசையில் 0.04 வந்தால் உடனே ஒருவழிப் பாதை கண்டுபிடித்துவிட்டதாகக் கொண்டாட வேண்டாம். நண்டு இறால் வகையறாவில் உண்மையிலேயே ஒருபக்கம் மட்டும் நன்றாகக் கடத்தும் சினாப்ஸ் உண்டு, க்ரேஃபிஷில் ஃபர்ஷ்பனும் பாட்டரும் 1950களிலேயே காட்டியது அதைத்தான். ஆனால் உங்கள் எலி ஸ்லைஸில் வரும் வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம் வேறு: வாங்கும் செல்லின் மின்தடை கூடுதலாக இருந்தால் அதே மின்னோட்டம் அங்கே பெரிய வோல்டேஜாகத் தெரியும். விகிதத்தோடு சந்தியின் கடத்துதிறனையும் கணக்கிடுங்கள். விகிதத்தை, ஒன்றிலிருந்து அந்த விகிதத்தைக் கழித்தால் வருவதால் வகுத்து, வாங்கும் செல்லின் கடத்துதிறனால் பெருக்க வேண்டும். அந்தச் செல்லின் தடை 100 மெகாஓம், விகிதம் 0.1 என்றால் ஏறக்குறைய 1.1 நானோசீமன்ஸ் வரும். இரண்டு திசையிலும் இது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

சரி, அந்த இறக்கம் நிஜம்தானா? இரண்டு பைப்பெட்டுகள் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் சிக்னல் காற்றுவாக்கில் இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும். நிஜமான இணைப்பில் இரண்டாவது செல் மெதுவாக வளைந்து இறங்கும், ஏனென்றால் அதன் சவ்வு சார்ஜ் ஆக நேரம் வேண்டும். சட்டென்று செங்குத்தாக விழுந்தால் சந்தேகப்படுங்கள். ரெக்கார்டிங் முடிந்ததும் ஒரு பைப்பெட்டைச் செல்லிலிருந்து வெளியே எடுத்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் சிக்னல் வந்தால் அந்த ஜோடியைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

முதல் செல்லை ஸ்பைக் அடிக்கவைத்து இரண்டாவதைப் பார்க்கும் ஸ்பைக் சோதனைக்கு முன், காபா என்ற தடுப்பு வேதிப்பொருளின் ஏற்பியைத் தடுக்கும் கேபசீனைக் கலந்துவிடுங்கள், இல்லாவிட்டால் இந்தச் செல்களுக்கு இடையே உள்ள வேதித் தடுப்பும் சேர்ந்து வந்து படத்தைக் குழப்பும். ஸ்பைக் எதிர்ப்பக்கம் போகும்போது குட்டி மேடாகச் சுருங்கிவிடும். வேகமான மாற்றங்களை எதிர்ச் செல்லின் சவ்வு வடிகட்டிவிடுவதுதான் காரணம். ஸ்பைக்குக்குப் பின்னால் வரும் நிதானமான இறக்கம் நன்றாகவே கடக்கும்.

மருந்தை ஆதாரமாக நம்பாதீர்கள் என்பது என் கறாரான கருத்து. கேப் ஜங்ஷனை அடைக்கப் பயன்படுத்தும் கார்பெனாக்சலோன் அதோடு இன்னும் எத்தனையோ விஷயங்களைத் தொடுகிறது. மலேரியா மாத்திரையான மெஃப்ளோகுயின் கனெக்சின் 36-ஐக் கூடுதல் குறிவைத்துத் தடுக்கும், ஆனால் மெதுவாக, அதற்குள் செல் கெட்டுப்போகலாம். வசதி இருந்தால் கனெக்சின் 36 நீக்கிய எலியோடு ஒப்பிடுங்கள், 2001 முதல் கைவசம் இருக்கிறது. ஒரு செல்லில் ஏற்றி அடுத்ததற்குப் பரவுகிறதா என்று பார்க்கும் சாயமும் ஏமாற்றும்: லூசிஃபர் யெல்லோ கனெக்சின் 36 வழியாகச் சரியாகப் போகாது, நியூரோபயோட்டின் தேவலை. சாயம் பரவவில்லை என்பதற்காக இணைப்பே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று, இந்த விகிதம் மாறாத எண் அல்ல. விழித்திரையில் டோபமைன் வந்தால் ஏஐஐ அமக்ரைன் என்ற இடைநியூரான்களின் இணைப்பு குறைகிறது. மூளையின் நடுவிலுள்ள தாலமஸின் ரெட்டிகுலர் கரு என்ற பகுதியில் ஜோடிச் செல்களைச் சேர்த்து வெடிப்பு வெடிப்பாகச் ஸ்பைக் அடிக்கவைத்தாலே இணைப்பு நீண்ட நேரத்துக்குக் குறைவதை 2011-இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே ஸ்பைக் சோதனையைக் கடைசிக்கு ஒதுக்குங்கள், அதற்கு முன்னும் பின்னும் இறக்கச் சோதனையைச் செய்து, இரண்டு எண்ணையும் நேரத்தோடு நோட்டில் குறித்துவையுங்கள்.