ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப்: வாங்கும்போதும் மாட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் முதல் ஸ்கோப் (ரைஃபிளின் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி) முந்நூறு பெல்லட் (காற்றுத் துப்பாக்கியின் சிறு குண்டு) தாண்டவில்லை. அதற்கு முன் அது நண்பர் ஒருவரின் தோட்டா ரைஃபிளில் பல வருடம் எந்தப் புகாரும் இல்லாமல் உழைத்தது. தோட்டாவையே தாங்கியது, காற்றுத் துப்பாக்கியைத் தாங்காதா என்ற நினைப்பில்தான் மாட்டினேன். ஒரு நாள் கண்ணை வைத்துப் பார்த்தால் குறுக்குக்கோடு லேசாகச் சாய்ந்து நிற்கிறது. கழற்றிக் காதோரம் ஆட்டினேன். உள்ளே ஏதோ கிலுகிலுத்தது.

இந்தக் கணக்கில்தான் பலரும் தவறுகிறோம். ஸ்கோப்பைக் கொல்வது உதையின் பலம் மட்டுமல்ல, அது வரும் திசையும்தான். தோட்டா ரைஃபிள் ஒரே பக்கமாக, பின்னோக்கி உதைக்கும். அதன் ஸ்கோப்புக்குள் லென்ஸும் மற்ற பாகங்களும் அந்தத் திசைக்கு முட்டுக் கொடுத்தே அமைக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங் ரைஃபிளில் விசையை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னே பாய்கிறது. ரைஃபிள் பின்னே நகர்கிறது. அடுத்த நொடித்துளியில் பிஸ்டன் சிலிண்டரின் முனையில் அழுத்தப்பட்ட காற்றில் மோதி, மிகச் சிறிய தூரத்துக்குள் நிற்கிறது. அப்போது ரைஃபிள் முழுவதும் முன்பக்கம் வெடுக்கென்று இழுபடுகிறது. தோளில் அது அவ்வளவாகத் தெரியாது. ஸ்கோப்புக்கு அந்த இரண்டாவது இழுப்புதான் எமன்.

கேஸ் ராம் ரைஃபிளுக்கும் இதே கதைதான். கம்பிச்சுருளுக்குப் பதில் அழுத்தப்பட்ட வாயு இருக்கிறதே தவிர பிஸ்டன் பிஸ்டன்தான். முன்கூட்டியே தொட்டியில் அடைத்த காற்றால் சுடும் பிசிபி ரைஃபிளில் இந்த முன்னிழுப்பு கிடையாது. அதனால் "இதே ஸ்கோப் என் பிசிபியில் மூணு வருஷமா ஓடுது" என்று யாராவது சொன்னால் அது உங்களுக்குச் சான்று ஆகாது.

பெட்டியில் 'ஏர்கன்' என்று இருந்தால் போதும் என்ற நினைப்பு

அந்தச் சொல் சில சமயம் கிட்ட தூரத்துக்குப் பாரலாக்ஸ் (கண் அசைந்தாலும் குறுக்குக்கோடு இலக்கில் நகராமல் நிற்கும் தூரம்) அமைத்திருக்கிறது என்பதை மட்டுமே குறிக்கும். 'ஸ்பிரிங் பிஸ்டன் ரைஃபிளுக்கு ஏற்றது' என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். அதைவிட நல்ல இடம் உத்தரவாதத் தாள். ஸ்பிரிங் ரைஃபிளில் உடைந்தாலும் மாற்றித் தருவோம் என்று சொல்பவர் தன் பொருளை நம்புகிறார். சிலர் பொடி எழுத்தில் அதையே விலக்கி வைத்திருப்பார்கள். விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நைட்ரஜன் நிரப்பியது, தண்ணீர் புகாது என்பதெல்லாம் லென்ஸின் உள்ளே ஆவி படியாமலிருக்கவும் மழைக்கும்தான். இந்த இழுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பாரலாக்ஸை மறப்பது

தோட்டா ரைஃபிள் ஸ்கோப்புகளில் பாரலாக்ஸ் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு நிலையாக அமைக்கப்பட்டிருக்கும். நாம் சுடுவதோ 10 மீட்டரிலிருந்து 40, 50 மீட்டர் வரை. 10 மீட்டரில் அந்த ஸ்கோப்பில் இலக்கு கலங்கலாகத் தெரியும் என்பது ஒரு தொல்லை. கண் நடுவிலிருந்து விலகினால் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்ந்துபோவது அதைவிடப் பெரிய தொல்லை. 40 மி.மீ. முன் லென்ஸ் உள்ள ஸ்கோப்பில் இந்தப் பிழை 10 மீட்டரில் 18 மி.மீ. வரை போகலாம். ஒரு தீப்பெட்டிக்குள் ஐந்து பெல்லட்டையும் போட நினைப்பவருக்கு அது பெரிய தூரம். பாரலாக்ஸ் தூரத்தை மாற்ற, 10 மீட்டர் வரை இறங்கி வரும் ஏஓ வளையமோ (முன் லென்ஸைச் சுற்றித் திருகுவது) பக்கவாட்டுக் குமிழோ உள்ளதை வாங்குங்கள். 30 கெஜம் வாக்கில் நிலையாக அமைத்த எளிய 4x32 (4 மடங்கு உருப்பெருக்கம், 32 மி.மீ. முன் லென்ஸ்) கூட நல்ல தேர்வுதான். அசையும் பாகம் குறைந்தால் ஆட்டம் காணும் இடமும் குறையும்.

பெரியதே நல்லது என்று வாங்குவது

50 மி.மீ. லென்ஸ், 24 மடங்கு உருப்பெருக்கம், அரைக் கிலோவுக்கு மேல் எடை. இதை ஸ்பிரிங் ரைஃபிளின் தலையில் ஏற்றினால், அந்த இழுப்பில் ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்து வைக்கும் மவுண்ட் தாங்க வேண்டிய விசை எடைக்குத் தகுந்தபடி கூடும். எடை இரட்டிப்பானால் விசையும் இரட்டிப்பு. 3-9x40 அல்லது 4-12x40 போதும். குழலை மடக்கித் திறக்கும் ரைஃபிளாக இருந்தால் நீள ஸ்கோப்பின் முன்பகுதி பெல்லட் போடும் விரலுக்கும் இடைஞ்சல்.

மவுண்டில் மிச்சம் பிடிப்பது

ஸ்கோப்புக்கு யோசித்து யோசித்துப் பணத்தைப் போட்டுவிட்டு, மவுண்டுக்கு மேசை டிராயரில் கிடந்ததை எடுத்து மாட்டுவார்கள். நானும் மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு சுடுதலிலும் ரைஃபிள் முன்னே வெடுக்கென்று போக, ஸ்கோப் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும். விளைவு, ஸ்கோப் ரைஃபிளின் மேல் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பின்னால் ஊரும். ஜீரோ (குறிபார்த்த இடத்திலேயே பெல்லட் படும் அமைப்பு) தினமும் மாறும். "ஸ்கோப் போச்சு" என்று நினைப்போம்.

இதைத் தடுக்கத்தான் பின் மவுண்டின் அடியில் ஒரு ஸ்டாப் பின் இருக்கும். ரைஃபிளின் மேற்பகுதியில் அதற்கென்று துளையும் இருக்கும். ஸ்டாப் பின்னைத் துளைக்குள் இறக்கினால் மட்டும் போதாது. மவுண்டைப் பின்னால் தள்ளி, அந்த ஸ்டாப் பின் துளையின் பின்பக்கச் சுவரைத் தொட்ட பிறகே திருகுகளை இறுக்க வேண்டும். இடைவெளி விட்டால் முதல் சில சுடுதலில் அந்த இடைவெளி தூரம் நகர்ந்துதான் நிற்கும். அதுவும் சுத்தியலால் அடித்ததுபோல. துளை இல்லாத ரைஃபிளில் பின் மவுண்டுக்குப் பின்னால் தனி ஸ்டாப் கட்டை வைக்கலாம்.

மவுண்ட் கவ்விப் பிடிக்கும் டவ்டெயில் பள்ளத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். 11 மி.மீ. டவ்டெயிலில் வேறு வகைத் தளத்துக்கான வீவர், பிகாடின்னி மவுண்டுகள் பிடிக்காது. ஒரே துண்டாக வரும் மவுண்டு நீளமாகப் பிடிப்பதால் எனக்கு அதுதான் நம்பிக்கை.

இறுக்குவதிலும் வெறி வேண்டாம். ஸ்கோப் குழாய் மெல்லிய அலுமினியம். வளையத் திருகுகளுக்கு 15 முதல் 18 இன்ச்-பவுண்டு இறுக்கம் பொதுவாகப் போதும். எதிரெதிர்த் திருகாக மாற்றி மாற்றி, இரு பக்க இடைவெளியும் சமமாக வரும்படி இறுக்குங்கள். குழாயில் வளையத் தடம் அமுங்கித் தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

குழல் தாழ்வைக் கவனிக்காமல் டரட்டைத் திருகிக்கொண்டே போவது

மடக்குக் குழல் ரைஃபிள்கள் பலவற்றில் குழல், ஸ்கோப் தளத்தைவிடச் சற்றுக் கீழ்நோக்கி நிற்கும். பெல்லட் எப்போதும் கீழே விழும். நாம் டரட்டை (குறியை நகர்த்தும் குமிழை) 'மேலே' என்ற பக்கம் திருகுவோம், மறுபடியும் திருகுவோம், அது முடியும் வரை.

ஸ்கோப்புக்குள் சிறிய குழாய் ஒன்று இருக்கிறது. மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் டரட் திருகுகள் அதை அழுத்துகின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வில் அதைத் திருகுகளின் மேல் தள்ளிப் பிடிக்கிறது. டரட்டை மேலே மேலே கழற்றிக்கொண்டே போனால் வில் விரிந்து பலம் இழக்கும். அப்புறம் ஒவ்வொரு உதைக்கும் உட்குழாய் துள்ளும், குறி ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் போய் நிற்கும். ஸ்கோப்பில் பழுதே இருக்காது, ஆனால் பழுதான ஸ்கோப்பைப் போலவே நடந்துகொள்ளும். பின்பக்கம் உயர்ந்த, குழல் தாழ்வை ஈடுகட்டும் மவுண்டு இதற்கான சரியான மருந்து. அவசரத்துக்குப் பின் வளையத்துக்குள் ஸ்கோப்பின் அடியில் ஒரு துண்டுப் புகைப்படப் பிலிம் வைக்கலாம். அடுக்கடுக்காக வைத்தால் குழாய் வளையும்.

ரைஃபிளின் குற்றத்தை ஸ்கோப்பின் மேல் போடுவது

வெற்றுச் சுடுதல் கூடவே கூடாது. பெல்லட் இல்லையென்றால் பிஸ்டனை நிறுத்தும் காற்று மெத்தையும் இல்லை. பிஸ்டன் சிலிண்டரின் முனையிலேயே மோதும் அதிர்ச்சி நேராக ஸ்கோப்புக்குப் போகும். சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, அது பற்றி வெடிக்கும் டீசலிங்கும் அப்படித்தான்.

குறி சிதறினால் முதலில் மரக்கட்டையின் திருகுகளைப் பாருங்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் அவை தானாகத் தளரும். அடுத்து குழல் கீலில் ஆட்டம் இருக்கிறதா, பெல்லட் வேறு டப்பாவிலிருந்து எடுத்ததா, முன்கட்டையை இறுக்கிப் பிடித்தீர்களா என்று வரிசையாகப் பாருங்கள். இந்த ரைஃபிள் கைப்பிடிக்கு மிகவும் கூச்சப்படும். தளர்வாக, திறந்த உள்ளங்கையில் படுக்கவைத்தால்தான் ஒரே மாதிரி உதைக்கும். மவுண்டிலிருந்து டவ்டெயில் வரை, வளையத்திலிருந்து ஸ்கோப் குழாய் வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்து வையுங்கள். ஐம்பது பெல்லட் கழித்துக் கோடு முறிந்திருந்தால் ஊர்ந்தது எது என்று தெரிந்துவிடும்.

எல்லாம் சரி, இன்னும் சந்தேகம் என்றால் 20 மீட்டரில் பெட்டிச் சோதனை செய்யுங்கள். ஒரே புள்ளியைக் குறிபார்த்து ஐந்து பெல்லட். பிறகு டரட்டை 20 கிளிக் மேலே, ஐந்து. 20 கிளிக் வலது, ஐந்து. அப்படியே கீழே, இடது. கால் எம்ஓஏ கிளிக் (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) என்றால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 29 மி.மீ. நகர வேண்டும், கடைசிக் கூட்டம் முதல் கூட்டத்தின் மேலேயே விழ வேண்டும். சதுரம் கோணலாகி, கடைசிக் கூட்டம் வேறெங்கோ போய் உட்கார்ந்தால் அதே சோதனையை வேறொரு ஸ்கோப்பை மாட்டிச் செய்யுங்கள். அதில் சதுரம் ஒழுங்காக வந்தால் பழைய ஸ்கோப்பையும் அந்தக் காகிதத்தையும் உத்தரவாதத் தாளோடு சேர்த்து அனுப்பலாம்.