ஆயில் இன்ஜின் டீசல் பம்ப்பைப் பிரித்து மாட்டுவது எப்படி

கிணற்றிலும் ஆற்றங்கரையிலும் தண்ணீர் இறைக்கிற ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜினில், சிலிண்டருக்குள் டீசல் தூவும் நாசிலுக்கு அழுத்தத்தோடு டீசலைத் தள்ளுகிற பம்ப்பைப் பற்றி மட்டும்தான் இங்கே எழுதுகிறேன். லாரி, டிராக்டர் பம்ப் என்றால் அதில் மூன்று, நான்கு, ஆறு எலிமென்ட் (பேரல் என்ற குழலும் அதற்குள் ஏறி இறங்கி டீசலைத் தள்ளும் பிளஞ்சர் தண்டும் சேர்ந்த ஜோடி) இருக்கும், எல்லாம் ஒரே அளவு டீசலைத் தள்ளுகிறதா என்று பெஞ்சில் வைத்து அளந்து செட் செய்யணும், அதை வீட்டில் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஒற்றை சிலிண்டரில் அந்தத் தொல்லை இல்லை. சுத்தமும் பொறுமையும் இருந்தால் ஒரு முற்பகலில் முடிகிற வேலை.

ஆனால் முதலில் குறை பம்ப்பில்தானா என்று பாருங்கள், ஏனென்றால் பாதி நேரம் டேங்கில் தண்ணீர், அடைத்த பில்டர், லைனில் காற்று, இல்லாவிட்டால் நாசில் ஒழுகல்தான் காரணமாக இருக்கும், பம்ப்பைக் கழற்றியது வீண் வேலையாகிவிடும். எலிமென்ட் தேய்ந்ததற்கு நான் நம்புகிற அடையாளம் ஒன்று உண்டு: காலையில் குளிர்ந்த இன்ஜின் எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடும், ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் திரும்பப் பிடிக்காது. சூட்டில் டீசல் நீர்த்துப்போய் தேய்ந்த இடுக்கு வழியாகக் கீழே நழுவுகிறது, நாசிலைத் திறக்கும் அழுத்தம் வருவதில்லை. அப்படி நழுவுகிற டீசல் கிராங்க் கேஸில் இறங்குவதால் ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போகும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடித்தால் பம்ப்பைக் கழற்றலாம்.

கழற்றுவதற்கு முன் டேங்க் காக் வால்வை மூடிவிட்டு, பம்ப்பையும் சுற்றியுள்ள இடத்தையும் பிரஷ் வைத்து டீசலால் கழுவுங்கள். எங்கள் கொல்லை இன்ஜினில் நானே ஒருமுறை இதை அரைகுறையாகச் செய்துவிட்டுப் பிரித்தேன், மறுவாரமே புது எலிமென்டில் கோடு விழுந்தது. பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி 2, 3 மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை, அதற்குள் ஒரு மணல் துகள் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹை பிரஷர் பைப்பைக் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று பம்ப்பின் தலையில் இருக்கும் டெலிவரி வால்வ் ஹோல்டரைப் பிடித்துக்கொள்ள, இன்னொன்று யூனியன் நட்டைத் திருப்ப. ஒற்றை ஸ்பேனரில் திருப்பினால் ஹோல்டரும் சேர்ந்து சுற்றிக்கொள்ளும். கழற்றியதும் எல்லா வாயையும் சுத்தமான பிளாஸ்டிக்கால் மூடிவிடுங்கள். பிளாஞ்ச் நட்டுகளை எடுத்துப் பம்ப்பை மெதுவாக வெளியே இழுக்கும்போது ரேக் (டீசல் அளவை மாற்றும் பல் போட்ட தண்டு) கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) லீவரில் எப்படி மாட்டியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பம்ப்புக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும், அவற்றை எண்ணிக் கம்பியில் கோத்துத் தனியாக வையுங்கள், டைமிங்கே, அதாவது டீசல் பீய்ச்சத் தொடங்கும் நேரமே, அதில்தான் இருக்கிறது.

சரி, இப்போது மேஜைக்கு வருவோம். கழுவிய எவர்சில்வர் தட்டு ஒன்று, புதிதாக வடிகட்டிய டீசல் ஒரு கிண்ணம், அவ்வளவுதான். பழைய வேட்டித் துணி, காட்டன் வேஸ்ட் இரண்டும் வேண்டாம், நூல் விடும். உள்பாகங்களைத் துடைக்கவே கூடாது, டீசலில் அலசி அப்படியே ஈரத்தோடு மாட்டணும்.

வைஸில் தாடைக்கு அலுமினியத் தகடு கொடுத்துப் பம்ப்பைத் தலைகீழாகப் பிடித்து, டேப்பெட்டை (பிளஞ்சரை மேலே தள்ளும் அடிப்பாகம்) அழுத்திக்கொண்டு சர்கிளிப்பை (பிடிப்பு வளையம்) எடுங்கள், ஸ்பிரிங் பலமானது, முகத்தைத் தள்ளி வையுங்கள். டேப்பெட், கீழ்த்தட்டோடு பிளஞ்சர், ஸ்பிரிங், மேல்தட்டு, பல் போட்ட ஸ்லீவ் என்று வரிசையாக வரும். ரேக்கை இழுப்பதற்கு முன்னால் அதிலும் ஸ்லீவ் பல்லிலும் இருக்கும் மார்க்கைத் தேடுங்கள். பிளஞ்சரின் காதில் (பக்கவாட்டில் நீட்டியிருக்கும் பகுதி) ஒரு மார்க், அது உட்காரும் ஸ்லீவ் வெட்டில் ஒரு மார்க் இருக்கும், அதையும் பாருங்கள். அழுக்கில் தெரியவில்லை என்றால் ஊசியால் நீங்களே லேசாகக் கீறி அடையாளம் வையுங்கள். பிறகு பம்ப்பை நிமிர்த்தி ஹோல்டர், ஸ்பிரிங், டெலிவரி வால்வ், அதன் சீட் எல்லாவற்றையும் எடுங்கள். பேரலைப் பிடித்திருக்கும் பக்கவாட்டு ஸ்குரூவைத் தளர்த்தி, கீழிருந்து மரக்குச்சியால் தள்ளினால் பேரல் மேலே வரும். வராவிட்டால் டீசலில் ஊறவிடுங்கள், ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டாம்.

பிளஞ்சரை வெயிலில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். நல்ல பிளஞ்சர் கண்ணாடி மாதிரி மின்னும். தேய்ந்ததில் தலைக்குப் பக்கத்தில், சாய்வு வெட்டு தொடங்குகிற இடத்தில் மட்டும் பால் பூத்தாற்போல ஒரு மங்கல் திட்டு, அதில் மேலும் கீழுமாக மெல்லிய கோடுகள், நகத்துக்கு எதுவும் தட்டுப்படாது, கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் திட்டு இருந்தால் மாற்றியே ஆகவேண்டும், பாலிஷ் போட்டால் இடைவெளி கூடத்தான் செய்யும். பிளஞ்சரும் பேரலும் ஜோடியாகவே வரும், ஒன்றை மட்டும் வாங்கவும் முடியாது, வேறு பம்ப்பினுடையதை மாற்றிப் போடவும் கூடாது. டெலிவரி வால்வும் சீட்டும் அப்படித்தான்.

கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டால், டீசலில் அலசிய ஜோடியைச் சாய்த்துப் பிடித்து, பிளஞ்சரை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விடுங்கள். தன் எடையிலேயே மெதுவாக, சீராக உள்ளே வழுக்கிப் போகணும். சடாரென்று விழுந்தால் தேய்ந்துவிட்டது, பாதியில் நின்றால் அழுக்கு அல்லது கோடு. வழுக்கும் பரப்பை விரலால் தொட வேண்டாம், வியர்வை பட்ட இடத்தில் துரு பிடிக்கும்.

மாட்டும்போது முதலில் பேரல். அதன் வெட்டு ஸ்குரூ முனையில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு, புது வாஷரோடு சீட், வால்வ், ஸ்பிரிங், ஹோல்டர் என்று ஏற்றுங்கள். ஹோல்டரை உங்கள் பம்ப்புக்குச் சொல்லியிருக்கும் டார்க்குக்கு மேல் இறுக்க வேண்டாம், பேரல் நெளிந்து பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ரேக், மார்க்குக்கு மார்க் ஸ்லீவ், மேல்தட்டு, ஸ்பிரிங், கீழ்த்தட்டோடு பிளஞ்சர், டேப்பெட், கடைசியில் சர்கிளிப். பிளஞ்சரின் காது மார்க் ஸ்லீவ் மார்க் பக்கமே இருக்கணும்.

இந்த இடத்தில் அவசரமே கூடாது. பிளஞ்சரைத் திருப்பித்தான் டீசல் அளவு கூட்டிக் குறைக்கப்படுகிறது. காது மாறி உட்கார்ந்தால் கவர்னர் குறைக்கச் சொல்லும்போதும் முழு டீசல் போகும், இன்ஜின் கைமீறி வேகமெடுக்கும், அந்த வேகத்தில் ஃப்ளைவீல் உடைந்தால் பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது கஷ்டம். அதனால் முடித்ததும் பம்ப்பைச் செங்குத்தாகச் சாய்த்தால் ரேக் தன் எடையில் தானாக இறங்குகிறதா என்று பாருங்கள், கொஞ்சம் சிக்கினாலும் திரும்பப் பிரிக்கணும். இன்ஜினில் ஏற்றிய பிறகும், பைப்பை மாட்டுவதற்கு முன், ரேக்கை ஸ்டாப் பக்கம் தள்ளிவைத்து டிகம்ப்ரஷன் லீவரைப் போட்டு (சிலிண்டர் அழுத்தத்தை விட்டு) சுற்றுங்கள். ஹோல்டர் வாயில் ஒரு சொட்டுகூடப் பீய்ச்சக் கூடாது. ஓட்டும் நிலைக்குக் கொண்டுவந்தால் பீய்ச்சணும்.

டைமிங்குக்கு டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் மட்டும் எடுத்துவிட்டு, ஹோல்டரை மாட்டி, வளைந்த சிறு பைப் ஒன்றைப் பொருத்துங்கள். ரேக் ஓட்டும் நிலையில் இருக்க, காக் வால்வைத் திறந்தால் டீசல் ஒழுகும். ஃப்ளைவீலை ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்புங்கள், ஒழுகல் சொட்டாகி நிற்கிற புள்ளிதான் இன்ஜெக்ஷன் தொடங்கும் இடம். கிர்லோஸ்கர் டிவி1 இன்ஜினுக்கு அது டாப் சென்டருக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) 23 டிகிரி முன்னால், மற்றவற்றுக்கு அந்தந்தப் புத்தகத்தைப் பாருங்கள். ஃப்ளைவீல் மார்க் அழிந்திருந்தால் டேப்பால் சுற்றளவை அளந்து 360-ஆல் வகுங்கள். 180 செ.மீ. என்றால் டிகிரிக்கு அரை செ.மீ., 23 டிகிரி 11.5 செ.மீ. சீக்கிரமே நின்றால் ஷிம் சேர்க்கணும், தாமதமாக நின்றால் ஷிம் எடுக்கணும். சரியானதும் வால்வையும் ஸ்பிரிங்கையும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

பிறகு லைனில் இருக்கும் காற்றை எடுத்து, பைப்பை இறுக்கி, பழைய ஆயிலை முழுவதும் மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் தடவை காற்று உறிஞ்சும் வாயருகே ஒருவர் பலகையோடு நிற்கட்டும், வேகம் ஏறினால் உடனே அதை அடைக்கணும். பைப் கசிகிறதா என்று விரலால் தடவ வேண்டாம், 200 பார் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

அரை மணி நேரம் தண்ணீர் இறைக்கவிட்டு நிறுத்துங்கள். சூடு ஆறுவதற்குள் மறுபடியும் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றுங்கள், முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டால் எலிமென்ட் சரியாக உட்கார்ந்துவிட்டது.