பாதி உறைந்த நீரில் பறவை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜனவரி மாதத்தில் ஒன்ராறியோ ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறேன் என்றால், ஏரி உறைந்து கிடக்கையில் அங்கே என்ன இருக்கப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 244 மீட்டர் வரை ஆழமுள்ள இந்த ஏரி முழுவதும் உறைவது மிக அரிது. ரொறன்ரோவை ஒட்டி உறைபவை பெரும்பாலும் படகுத்துறைகளும் ஆழமில்லாத குடாக்களும்தாம். அவை மூட மூட, வடக்கிலிருந்து வந்து குளிர்காலத்தைக் கழிக்கும் வாத்துகள் எஞ்சியிருக்கும் திறந்த நீரில் நெருங்கிக் கூடுகின்றன. ஆகவே பறவையைத் தேடுவதற்கு முன் பனிக்கட்டி இல்லாத இடத்தைத் தேட வேண்டும்: ஆறு ஏரியில் கலக்கும் வாய், மின்நிலையத்தின் வெந்நீர் வந்து விழும் இடம், நயாகரா ஆற்றைப் போல நீரோட்டம் உறையவிடாத பகுதி.

மிக ஆபத்தான தவறு பனிக்கட்டியின் மேல் கால் வைப்பதுதான். ஒருவர் நடக்கத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கை நம்பிப் பறவையை நோக்கி நடக்கக் கூடாது. பறவைகள் அமர்ந்திருக்கும் திறப்பு அங்கே இருப்பதற்குக் காரணமான நீரோட்டமோ வெந்நீரோ சுற்றியுள்ள பனிக்கட்டியையும் அடியிலிருந்து அரித்துக்கொண்டிருப்பதால், பறவையை நெருங்க நெருங்கக் காலடியில் இருப்பது மெலிந்துகொண்டே போகும். மேலே விழுந்த பனி போர்வையைப் போல மூடிக்கொண்டு அந்த மெலிவைக் கண்ணுக்கும் மறைத்துவிடும். ஒன்ராறியோ உள்ளிட்ட பேரேரிகளின் கரையில் இன்னொரு கண்ணியும் உண்டு. அலை தெறித்து உறைந்து, கரையை ஒட்டி மேடு மேடாகத் திரண்டு நிற்கும் பனிக்கட்டி, பார்வைக்குத் திடமான நிலமாகவே தோன்றும்; ஆனால் அதன் அடிப்பகுதி பல இடங்களில் வெறும் பொந்து. கோடையில் கரை எங்கே முடிந்தது என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் ஓரடியும் முன்னே வைக்காமல், முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கியை நம்புவதே சரி.

கரையில் நின்றபடியும் தவறு செய்யலாம். குளிர்காலப் பகல் குறுகியது. அந்தச் சில மணி நேரத்துக்குள் முக்குளித்துச் சிப்பியும் மீனும் தேடித் தின்றால்தான் வாத்து இரவைத் தாங்கும். 2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பேரேரிகளின் பரப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் உறைந்தபோது, முக்குளிக்கும் வாத்துகள் பல இரையின்றி இறந்தன. ஒரு படத்துக்காக அவற்றை எழுப்பிப் பறக்கவிடுவது எவ்வளவு பெரிய செலவை அவற்றின் தலையில் கட்டுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கூட்டம் முக்குளிப்பதை நிறுத்திக் கழுத்தை நீட்டினாலே நாம் அளவு கடந்து நெருங்கிவிட்டோம் என்று பொருள்.

இதற்கு நேர்மாறாக, இரக்கத்தால் நேரும் தவறும் உண்டு. பனிக்கட்டியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வாத்தைக் கண்டு, கால் ஒட்டிக்கொண்டது என்று பதறி எதையாவது எறிந்து எழுப்புவார்கள். வாத்தின் காலுக்கு இறங்கும் வெதுவெதுப்பான இரத்தம், மேலேறும் குளிர்ந்த இரத்தத்துக்கு வழியிலேயே வெப்பத்தைக் கொடுத்துவிடுவதால், அதன் பாதம் குளிர்ந்தே இருந்தும் உடல் வெப்பம் வீணாவதில்லை. பெரும்பாலும் அது ஓய்வெடுக்கிறது, அவ்வளவே. ஆனால் வாத்து இனத்தைச் சேராத முக்குளிப்பான் (grebe) ஒன்று பனிக்கட்டியிலோ சாலையிலோ கிடந்தால் கதை வேறு. கால்கள் உடலின் கடைக்கோடியில் அமைந்த அந்தப் பறவை நீரின் மேல் ஓடித்தான் எழும்ப முடியும். அதைக் கண்டால் வனவிலங்கு மீட்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

அலைதடுப்புச் சுவரில் வெண் ஆந்தையை (snowy owl) கண்டதும் இடத்தை உடனே ஊருக்கெல்லாம் அறிவிப்பதும் தவறுதான். மறுநாள் அங்கே ஆந்தையைவிடக் கமெராக்கள் அதிகமாக இருக்கும். வாத்துகளுக்கு ரொட்டி போடுவதைப் பற்றி எழுதவே அலுப்பாக இருக்கிறது. போடாதீர்கள்.

கருவி விஷயத்தில், வெப்பமூட்டிய காரின் சன்னலைத் திறந்து பார்ப்பவர்கள் படிமம் நடுங்குவதற்குத் தொலைநோக்கியைக் குறை சொல்வார்கள். நடுங்குவது கண்ணாடிக்கு முன்னால் கலக்கும் சூடும் குளிருமான காற்று. வீடு திரும்பியதும் இருநோக்கியைப் பைக்குள்ளேயே மூடி வைத்து மெல்லச் சூடேறவிட்டால் ஆவி படியாது.

கடைசியாக, எண்ணிக்கை. கோல்டன்ஐ வாத்துகள் பல வேளைகளில் ஒன்றன்பின் ஒன்றாக முங்கிவிடும். ஒரே பார்வையில் ஏழு என்று எழுதிக்கொண்டு நகர்ந்தவர், அதே திறப்பை இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் பதினைந்து எழுதியிருக்கக்கூடும்.