ஒற்றை அறை வீட்டில் தினமும் ஒரு மணி நேரப் படிப்பு: சரிசெய்த விதம்

சிக்கல் சோம்பல் இல்லை, போன். தலையணைப் பக்கத்தில் சார்ஜரில் கிடந்தால், அலாரத்தை அணைக்கிற விரலே வாட்ஸ்அப்பையும் திறந்துவிடும். அரை மணி நேரம் காலி. அதனால் சார்ஜரை அடுப்படி பிளக்குக்கு மாற்றினேன். எழுப்பிவிட ஒரு டேபிள் கடிகாரம், ஒரு பென்சில் பேட்டரி. அதையும் பரண் விளிம்பில் வைக்கணும், எழுந்து நின்றால்தான் கை எட்டும்.

நேரம் விடிகாலை 4.45. சென்னை தண்டையார்பேட்டைச் சந்துகளில் அப்போதுதான் அமைதி. அடிபம்பு சத்தம் ஆரம்பித்தால் படிப்பு அவ்வளவுதான். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் நடை, மறுபடி அதே 25-ம் 5-ம். எடுத்த எடுப்பில் இப்படி இறங்கினால் நாலாம் நாளே விட்டுப்போகும். 10 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு 10 கூட்டினால் ஆறாம் வாரம் ஒரு மணி நேரம்.

முந்தின ராத்திரியே புத்தகத்தில் பக்கம் எடுத்து, நடுவில் பேனா வைத்துவிடுங்கள். காலையில் எதைப் படிப்பது என்று யோசித்தால் தூக்கம்தான் ஜெயிக்கும். டியூப்லைட் வேண்டாம், வீட்டில் திட்டு விழும். கிளிப் மாட்டிய எல்இடி விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பினால் போதும். படுக்கை 10 மணியைத் தாண்டினால் மட்டும் இது எதுவும் நடக்காது.