பாதியில் நின்ற உலகப் பாடம்

கோத்தகிரியில் மகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தும் நாங்கள், ஓராண்டுக்கென வகுத்திருந்த உலகப் புவியியலில், தை பிறந்தபோது ஐரோப்பாவைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. நாடு நாடாகத் தலைநகர், கொடி, நாணயம் என்று ஒப்பிக்க வைத்தது என் பிழை. ஒப்பித்ததை அவள் மறுவாரமே மறந்தாள்.

ஒரு நாள் உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே, "இது நம்ம ஊர்க் கிழங்குதானே, அம்மா?" என்று அவள் கேட்டதில் வழி பிறந்தது. கிழங்கு தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளிலிருந்தும், தேயிலை சீனாவிலிருந்தும், வாசலில் நிற்கும் கற்பூர மரம் (யூக்கலிப்டஸ்) ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்தவை என்பதால், நாட்டு வரிசையைக் கைவிட்டு, அவை வந்த வழியே கண்டங்களுக்குப் போனோம்.

உருண்டை உலகைத் தட்டையாக விரித்துக் காட்டும், சுவரில் மாட்டியிருந்த மெர்கேட்டர் வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு ஈடாகத் தெரிந்தது. உண்மையில் ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. ஆரஞ்சுத் தோலைக் கிழியாமல் மேசையில் தட்டையாக விரிக்கச் சொன்னேன். அது ஓரங்களில் கிழிந்துகொண்டே போக, அந்த இடைவெளிகளை இழுத்து நிரப்புவதால்தான் துருவத்தை அடுத்த நிலங்கள் வரைபடத்தில் ஊதிப்போகின்றன என்பதை அவளே விளக்கினாள். (அன்று வீணான பழங்கள் நான்கு.)

குடும்ப ஜெபத்தில் அப்போஸ்தலர் நடபடிகளை வாசிக்கையில், சீஷர்கள் முதன்முதலாகக் கிறிஸ்தவர்கள் எனப்பட்ட அந்தியோகியா, இன்றைய துருக்கியின் அந்தாக்கியா என்று உருண்டையில் தேடிக் கண்டோம். எத்தியோப்பியாவின் கிறிஸ்துமஸ் ஜனவரி 7 என்றதும், இரண்டாம் முறை கேக் கேட்டாள்.

மே மாத இறுதியில் பாடம் முடிந்தது. பசிபிக் தீவுகளை மட்டும் அவசரமாகவே கடந்தோம்.